செலினா அடித்த ஆணி

ஷெஃபீல்டில் சாணைக்காரனைக் கட்டிக்கொள்கிறவளுக்கு விதவையின் கறுப்பு உடை நிச்சயம்; எப்போது என்பதுதான் தெரியாது. செலினா தெரிந்தேதான் கட்டிக்கொண்டாள். ஆமோஸ் டங்வர்த் சவரக்கத்திக்குச் சாணை பிடிப்பவன். அவள் அதற்கு மாட்டுக்கொம்பில் கைப்பிடி போடுகிறவள், சிறுமியாக இருந்தபோதே பட்டறையில் உட்கார்ந்துவிட்டவள். கொம்பு கருகும் நாற்றம் அவள் தலைமுடியை விட்டுப் போனதே இல்லை.

"சர்ச்சுல உன் பக்கத்துல உட்கார்ந்தா தொழுவத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு புள்ள" என்று ஆமோஸ் கேலி செய்வான். அவன் மட்டும் என்ன, சாணைச் சேற்றின் மஞ்சள் அவன் கழுத்து மடிப்பில் நிரந்தரமாகக் குடியிருந்தது.

கழுத்தில் சேறு என்றால் நெஞ்சுக்குள் கல்தூசி. நாற்பதைத் தொடுமுன்பே ஆமோஸ் மாடிப்படி ஏற முடியாமல் கீழறைக் கட்டிலில் விழுந்தான். தூசியை வெளியே இழுக்க விசிறி வையுங்கள் என்று கேட்டபோதெல்லாம் முதலாளிமார் முகம் சுளித்தார்கள். பாவிகள், அவர்கள் வீட்டில் யார் இருமினார்கள்?

போன குளிர்காலத்தில் இவர்களோடு ஒரே முற்றத்தில் குடியிருந்த யாபேஸ், அதே இருமல்காரன், மூச்சுக்குப் போராடிச் சலித்துத் தன் சவரக்கத்தியாலேயே கதையை முடித்துக்கொண்டான். அந்த அறையைக் கழுவிவிடப் போன பெண்களில் செலினாவும் ஒருத்தி. 

அதனால்தான் ஆமோஸ், "என் கத்திக்குப் புதுக் கைப்பிடி போட்டுக் குடு புள்ள" என்று கேட்டபோது அவள் சாக்கு தேடினாள். அது வாலிபத்தில் அவன் தனக்கென்றே சாணை பிடித்துக்கொண்ட கத்தி. படுக்கையில் விழுந்த புதிதில் கைதவறிக் கல்தரையில் போட்டுக் கைப்பிடி பிளந்திருந்தது. அன்றிலிருந்து தாடிதான்.

முதலில் கொம்பு வரவில்லை என்றாள். பிறகு அழுத்தி வைத்த பட்டை வளைந்துவிட்டது என்றாள். அடுத்து, துளை போடும்போது விரிசல் விட்டது என்றாள்.

"அரை நாள் வேலைடி. கைப்பிடி போடுறவளைக் கட்டிக்கிட்டு எனக்குக் கைப்பிடி இல்லன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தாடி உனக்கு நல்லாத்தான் இருக்கு. மோசே மாதிரி."

"மோசே மலை ஏறினான். நான் மாடிகூட ஏறல." சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும், "உன்னால ஆகாதுன்னா திர்சா புருஷன்கிட்ட குடு. அவன் முடிச்சுத் தருவான்" என்றான்.

அடுத்த வீட்டுக்காரன் கைக்குப் போவதைவிடத் தன் கையிலேயே இருக்கட்டும் என்று செலினா உட்கார்ந்தாள். கொம்பைச் சூட்டில் இளக்கி, அழுத்தித் தட்டையாக்கி, இரண்டு பட்டைகள் அறுத்தாள். அரத்தால் உருட்டி, எண்ணெயும் பொடியும் தொட்டு உள்ளங்கையாலேயே மெருகேற்றினாள். அடிப்பக்கம் ஈயத்துண்டு வைத்து இரண்டையும் சேர்த்தாள். கத்தியை நடுவில் நிறுத்தி, ஆணியாகப் பித்தளைக் கம்பியைச் செருகினாள். இனி ஆணித்தலையைத் தட்டிப் பரப்ப வேண்டும். அதில்தான் இந்தத் தொழிலின் மானமே இருக்கிறது. மடித்த கத்தி தானாகத் திறந்து விழவும் கூடாது, முரண்டு பிடிக்கவும் கூடாது. தட்டித் தட்டித் திறந்து பார்ப்பார்கள். இறுகிப்போன ஆணியை முதலாளி பார்த்தால் முகத்தில் விட்டெறிவான்.

செலினா சரியான இடத்தில் சுத்தியலை நிறுத்தினாள். யாபேஸின் அறையை நினைத்தாள். மேலும் அடித்தாள், கத்தியைத் திறக்கத் தன் கட்டைவிரலே திணறும்வரை.

"அழகா இருக்கு புள்ள" என்று அவன் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை பட்டறையிலிருந்து திரும்பியபோது ஆமோஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். எதிரே கண்ணாடி, கிண்ணத்தில் வெந்நீர், தோளில் வெளுத்த துண்டு. கத்தரியால் தாடியைக் குட்டையாக வெட்டியிருந்தான். முகமெல்லாம் சோப்பு நுரை, காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. திறக்காத கத்தி மடியில் கிடந்தது.

"நாளைக்குச் சாணைப்பட்டறைப் பசங்க பார்க்க வர்றாங்களாம்" என்றான். "திர்சாதான் தண்ணி வச்சுக் குடுத்தா. கொஞ்சம் ஆளா இருக்கலாம்னு பார்த்தேன்." பிறகு தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். "திறக்க முடியல செலினா. கல்லோட மல்லுக்கு நின்ன கை. போயிடுச்சு."

உன் கை இல்லை, என் சுத்தியல் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பான். அவனைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து நெம்பித் திறந்து, அவளே சவரம் செய்துவிட்டாள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.

மறுநாள் கூட்டாளிகள் வந்தார்கள். மழமழவென்ற முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஆமோஸ் தூங்குவதுபோல் கிடந்தான். 

திங்கட்கிழமை செலினா கத்தியைப் பட்டறைக்கு எடுத்துப்போய், ஆணித்தலையை அராவித் தள்ளி, புதுக் கம்பி போட்டுப் பதமாக அடித்தாள். சாயங்காலம் அவன் கையருகே வைத்தாள்.

"எண்ணெய் விட்டிருக்கேன். இப்ப திறந்து பாரேன்."

"இனிமே எதுக்கு?" என்றான். கையை நீட்டவில்லை. எழுந்து உட்காரவும் இல்லை. அடுத்த ஞாயிறு அவனுக்கு வரவில்லை.

உடலைக் கழுவிச் சவரம் செய்ய, அந்த முற்றத்தில் யார் செத்தாலும் வருகிற திர்சாதான் வந்தாள். கத்தியை எடுத்து ஒற்றை விரலால் தள்ளினாள்.

"அடியம்மா, என்ன லேசா திறக்குது! யாரு அடிச்ச ஆணி?"

"நான்தான்" என்றாள் செலினா. "ரெண்டாந்தடவை அடிச்சது."