காணாமல் போன அரை நூல்

ஆயுத பூஜை லீவு முடிந்து வேலை தொடங்கிய அன்று, ஸ்டெல்லா தைத்த பிளாக்குகள் மட்டும் பெரிதாக வந்தன. ஒவ்வொன்றும் கால் இஞ்ச் பெரிது. லீவுக்கு முன்னால் வரை ஒழுங்காகத் தைத்தவள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நான் தூத்துக்குடியில் ஏற்றுமதிக்குக் குவில்ட் தைக்கிற ஒரு யூனிட்டில் பீசிங், அதாவது துண்டுகளை இணைக்கிற பிரிவுக்குச் சூப்பர்வைசர். ஒன்பது சதுரத் துணிகளை இணைத்தால் ஒரு பிளாக். பிளாக்குகளை இணைத்தால் குவில்ட் என்கிற போர்வை. புதிதாக வருகிற பிள்ளைகள், "ஒட்டுப் போடத்தானக்கா, இதுல என்ன இருக்கு?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது வேறு, மூலையோடு மூலை கூடத் தைப்பது வேறு.

தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே நாங்கள் விடுகிற மார்ஜின் கால் இஞ்ச். அது மாறாமலிருக்க, ஒவ்வொரு மெஷினிலும் ஊசிக்கு வலப்பக்கம் மாஸ்கிங் டேப்பை அடுக்கடுக்காக ஒட்டி, சின்னச் சுவர் மாதிரி ஒரு கைடு வைத்திருக்கிறோம். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போக வேண்டும். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மார்ஜின் அரை நூல் குறைந்தால், இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு ஒரு நூல் கூடிவிடும். பிளாக்கில் ஒரு வரிசைக்கு இரண்டு தையல். ஆக இரண்டு நூல், அதாவது அந்தக் கால் இஞ்ச்.

கணக்கு எனக்குப் புரிந்தது. அரை நூல் எங்கே போனது என்பதுதான் புரியவில்லை.

ஸ்டெல்லா கடற்கரைப் பக்கத்துப் பெண். இங்கே வருவதற்கு முன் இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் நின்று விரல்கள் மரத்துப் போனவள். இங்கே ட்ரையலில் இருந்தாள். ட்ரையல் அந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரமா இல்லையா என்பதை முதலாளி அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும். அவரோ பிளாக்கைக் கையில் எடுத்ததுமே முகம் சுளித்தார்.

"ஏளா, ஓரத்த ஒட்டிப் போணும்னு எத்தன தடவ சொல்லுதது? கை எங்க போவுது உனக்கு?"

"ஒட்டித்தான் அண்ணாச்சி போறேன்."

"ஒட்டிப் போனா இப்படியா வரும்? ஜெயா, இந்தப் பிள்ளைக்கு இது சரிப்பட்டு வராது. வார சனிக்கிழமையோட கணக்க முடிச்சிரு."

அவர் போனதும் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள். "திரும்ப ஐஸ்ல நிக்க முடியாதுக்கா. விரலு மடங்கவே மாட்டேங்கு." ஆனால் பெரிய பிளாக் பெரிய பிளாக்தானே? காரணத்தைத் தேடிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் வெட்டைச் சந்தேகித்தேன். துணியை அதிகமாக அடுக்கி வெட்டினால் அடித்துணி நழுவும். சதுரங்களை அளந்தேன், சரி. அடுத்து அயர்ன். பீசிங்கில் அயர்ன் பெட்டியை அமுக்கித் தூக்க வேண்டும். சேலைக்குப் போடுகிற மாதிரி இழுத்தால் துணி நீண்டுவிடும். பக்கத்தில் நின்று பார்த்தேன். அமுக்கித்தான் தூக்கினாள். ஊசியிலிருந்து கைடு வரை ஸ்கேல் வைத்தேன். அச்சாகக் கால் இஞ்ச். தைத்த மார்ஜினை அளந்தால் அரை நூல் குறைகிறது. மெஷினில் சரி, துணியில் தப்பு. அப்படியென்றால் கைதான் என்று அண்ணாச்சி சொல்வது நியாயம்தானே?

கடைசியில், "எந்திரிளா" என்று அவளை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து ஒரு பிளாக் தைத்தேன். பெரிதாக வந்தது. எனக்கே தைக்க மறந்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். இருந்தாலும் அதை அயர்ன் பலகையில் போட்டு அமுக்கினேன். லேசாகச் சந்தன வாசனை வந்தது.

துணியில் எப்படிச் சந்தனம்? மெஷினுக்குத் திரும்பிப் போய், துணி உள்ளே வருகிற வழியெல்லாம் விரலால் தடவினேன். ஊசிக்கு நேராக அல்ல, கொஞ்சம் முன்னால், கைடின் உள்பக்கம் விரலில் ஒரு மேடு இடித்தது. டேப் நிறத்திலேயே காய்ந்து கல்லாகியிருந்த சந்தனப் பொட்டு. துணியின் ஓரத்தை அரை நூல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது அதுதான்.

"இங்கன ஏன்ளா வச்ச?" என்றேன்.

"பூஜையன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க மெஷினுக்கு வச்சாங்க. எங்க வைக்கணும்னு தெரியலக்கா. எனக்குன்னு இப்பத்தான ஒரு மெஷின். நல்லா ஓடணும்னு துணி முதல்ல தொடுத இடமாப் பாத்து வச்சேன். குங்குமம் வச்சா துணியில பிடிச்சிரும்லா, அதான் சந்தனம் மட்டும்."

அண்ணாச்சியைக் கூப்பிட்டு அவர் விரலையும் அதில் வைக்கச் சொன்னேன். தடவினார். திரும்பத் தடவினார். வேறு மெஷினில் அவளை ஒரு பிளாக் தைக்கச் சொன்னோம். மூலையோடு மூலை கூடியது.

"பொட்டு வச்சா மெஷின் தலையில வைக்கணும்ளா. துணி வார வழியில வைக்கப்பிடாது" என்ற அண்ணாச்சி, போகிற போக்கில், "பெருசா வந்ததையெல்லாம் பிரிச்சுத் தை. திங்கக்கிழமையும் இதே மெஷின்ல உக்காரு" என்றார்.

சுரண்டிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன். பூஜையில் வைத்ததைச் சுரண்டக் கை வரவில்லை. ஸ்டெல்லாவே கைடைப் பொட்டோடு அப்படியே உரித்தெடுத்து மெஷின் தலையில் ஒட்டினாள். நான் ஸ்கேல் வைத்துப் புதுக் கைடு ஒட்டிக் கொடுத்தேன்.

நாளைக்குச் சூப்பர்வைசராகப் போகிற பிள்ளைகளா, ஊசி இறங்குகிற இடத்தை மட்டும் அளந்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். துணி வருகிற வழி முழுவதையும் தடவிப் பாருங்கள். ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த ஆளின் இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்து தைத்தும் பாருங்கள். ஸ்டெல்லாவின் மெஷின் தலையில் அந்த டேப் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது.