சுகுணா ஒட்டிய சிவப்புப் பொட்டு

அலுவலகத்தில் தரை துடைக்கிற மருந்தையும் ஆசிட்டையும் ஒரே மாதிரி பாட்டிலில் வாங்கி வைத்திருந்தார்கள். உண்ணாமலை தமிழை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். பாட்டிலில் இருந்தது இங்கிலீஷ். ஒருநாள் மாற்றி ஊற்றி, உள்ளங்கையில் தோல் உரிந்துபோனது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், ஆசிட் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அந்த அலுவலகத்தில் அப்படிப் பொட்டு வைக்கிற பெண் ஒருத்திதான். அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவள் பெயர் சுகுணா. அன்னவாசல் பக்கம். அப்பா நாகராசு மானாவாரியில் கடலை போடுகிறவர். புதுக்கோட்டையில் ஒரு மாடியில் நடந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போனாள். உண்ணாமலைக்கு அங்கே கூட்டித் துடைக்கிற வேலை. புருஷன் மூக்கனுக்குக் கால் விளங்காமல் போனதிலிருந்து அவள் வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையால்தான்.

"நாளெல்லாம் அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டிருக்கியே, அப்புடி என்ன பாப்பா வேலை?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மத்தவங்க எழுதுன புரோகிராம்ல குத்தம் கண்டுபிடிக்கிற வேலைக்கா."

"மாமியா வேலைன்னு சொல்லு."

சுகுணா சிரித்துவிட்டாள். "நான் இல்லக்கா, அதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, அதுதான் மாமியா. புரோகிராம ஓட்டியே பாக்காது. படிச்சுப் பாத்தே சொல்லிரும். இந்த ஃபைலத் தெறந்தியே, ஏன் மூடல? இல்லாத ஃபைல இருக்குன்னு நம்பி ஏன் கைய வச்ச? இப்புடி. தப்புன்னா அந்த வரி செவப்பாயிரும்."

"நீ திருத்துவியாக்கும்?"

"எனக்குத் திருத்துற அதிகாரம் கெடையாதுக்கா. காட்டத்தான் முடியும்."

ஆவணி மாதத்தில் அப்படி ஒரு சிவப்பு வந்தது. ஊரில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்காக எழுதிய புரோகிராம் அது. நோயாளிகளின் முடிவுகளெல்லாம் இந்த அலுவலகத்துப் பின்னறையில் இருந்த மெஷினில்தான் சேர்ந்தன. உண்ணாமலை துடைத்துக்கொண்டிருக்கும்போதே சுகுணா முதலாளி ரகுநாத்திடம் போய் நின்றாள்.

"சார், இது எழுதறதுக்கு ஃபைலத் தெறக்கும்போதே பழசு அழிஞ்சுருது. புதுசை வேற ஃபைல்ல எழுதி முடிச்சுட்டுல்ல சார் பழசைத் தூக்கணும்? நடுவுல கரண்ட்டு போச்சுன்னா ரெண்டும் இருக்காது."

"யூபிஎஸ் எதுக்கு வாங்கிப் போட்டிருக்கேன், அழகுக்கா?"

"இல்ல சார், இருந்தாலும்..."

"அது எல்லாத்துக்கும் செவப்புக் காட்டும்மா. பரவாயில்லன்னு குறிச்சு மூடி விடு. நாளைக்கு ஒப்படைக்கணும்."

சுகுணா இடத்துக்கு வந்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு குறித்தாள். சிவப்பு போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து உண்ணாமலை மெதுவாகக் கேட்டாள்: "கொடத்துல இருக்கிற தண்ணியக் கொட்டிட்டுக் கொழாயத் தெறக்கிற மாதிரியா பாப்பா?"

"அதேதான்க்கா. தண்ணி வரலன்னா வெறுங்கொடம்."

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. மேசையெல்லாம் துடைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வழக்கமாகப் பூட்டுகிற ஆள் ஊருக்குப் போயிருந்ததால், அந்தத் தடவை சாவி உண்ணாமலையிடம் இருந்தது. திருக்கோகர்ணத்து அம்பாளை நினைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினாள். பின்னறையில் ஒரு பெட்டி மட்டும் பச்சை விளக்கு மினுங்க இரைந்துகொண்டிருந்தது. அருவாமனைக்குக்கூட இன்றைக்கு ஓய்வு. இதை மட்டும் மறந்துவிட்டுப் போனார்களே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அதற்கும் பொட்டு வைத்தாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். யூபிஎஸ் கத்தியது; அதையும் அமுக்கி அணைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள்.

லீவு முடிந்து திறந்தபோது ரத்த முடிவுகள் இருந்த ஃபைல் வெறுமையாகக் கிடந்தது. அணைத்த அந்த நேரத்தில்தான் புரோகிராம் அதை எழுதுவதற்குத் திறந்திருக்கிறது. நகல் எடுத்து வைக்கிற பழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது. குடுமியான்மலை, அன்னவாசல் என்று எங்கெங்கிருந்தோ வந்து ரத்தம் கொடுத்துப் போனவர்கள், மறுபடி வெறும் வயிற்றோடு வந்து கை நீட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்குச் சாவி உண்ணாமலையிடம் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்," என்றார் ரகுநாத் அவளிடம்.

உண்ணாமலை துடைப்பக்கட்டையைச் சுவரோரம் சாய்த்தாள். சுகுணாதான் எழுந்து வந்தாள்.

"சார், அவங்க மேல தப்பில்ல. நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னியா? பரவாயில்லன்னு குறிச்சது யாரு? இந்தா, ஒன் பேருதான் இருக்கு."

"நீங்கதான சார் குறிக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னது எங்கம்மா இருக்கு, காட்டு. அவங்க மேல இல்லன்னா அப்ப ஒன் மேலதான். பரிசோதனை நிலையத்துக்காரங்களுக்கு நான் ஒருத்தரக் கை காட்டியாகணும்."

சுகுணா உண்ணாமலையின் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தாள். "சரி சார்," என்றாள்.

"சார், நாந்தான அணைச்சேன். என்னைய நிறுத்துங்க சார்," என்றாள் உண்ணாமலை. சொல்லும்போதே படுக்கையில் கிடக்கிற மூக்கன் முகமும் அவள் முன்னால் வந்தது.

"நீ போய் ஒன் வேலையப் பாரு," என்றார் அவர்.

சாயங்காலம் உண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சுகுணாவோடு கூடப் போனாள். சுகுணாவின் டிபன் பாக்ஸ் பையை அவளே வாங்கித் தூக்கிக்கொண்டாள். செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அன்னவாசல் பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

"அம்பாளுக்குன்னு செஞ்சேன் பாப்பா. ஒன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே."

சுகுணா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் சென்னைக்குப் போனதாகச் சொன்னார்கள். உண்ணாமலை அவளைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு வண்டி நகரும்போது சுகுணா சொன்னது இதுதான்:

"நீங்க கும்பிட்டதுல ஒண்ணும் தப்பில்லக்கா. புரோகிராம்லயும் ஒட்ட வேண்டிய எடத்துல நான் செவப்புப் பொட்டு ஒட்டித்தான் வச்சேன். என் கையாலயே அதப் பிய்க்க வச்சுட்டாங்க. அந்த ஆசிட் பாட்டில்ல உள்ளது உதுந்துருச்சுன்னா, வேற ஒண்ணு ஒட்டிக்கங்க."