மன்னார்க் கோட்டையைப் பாடி அளந்தவர்

சந்தியாகு ஐயா மோசம் போய்விட்டார், உயிர் பிரிந்துவிட்டது என்று கந்தோர்ப் பியோன் வந்து சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். முந்தின நாள்தான் காய்ச்சலென்று வங்காலைக்கு, வீட்டுக்குப் போனவர்.

எங்கள் அரசாங்கக் கந்தோரில் அவர் கட்டடப் படம் வரைபவர். நான் தலைமைக் கிளாக்கர். கூத்துப் பாடி வளர்ந்தவர் அவர். ஞாயிறு பூசை முடிந்ததும் விரும்பியவர்களைக் கூட்டிக்கொண்டு மன்னார் நகரைச் சுற்றி நடப்பார். கையில் ஒரு பலகை, அதில் ஒற்றைக் கம்பி. கோட்டைக்குள் பாழடைந்து கிடக்கும் தேவாலயத்தில் நின்று கம்பியை முழுதாக ஒருமுறை மீட்டுவார். பிறகு கம்பியின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஒலிக்கும்படி விரலால் அழுத்தி மீட்டுவார்.

“கேட்டியளே? சட்சமும் பஞ்சமமும். இந்த மண்டபத்தின்ரை நீளம் மூண்டு பங்கு, அகலம் ரெண்டு பங்கு. கட்டினவனுக்குக் காது இருந்திருக்கு.”

எங்கள் பள்ளிவாசல் தாழ்வாரத்துக்கு வந்தால் என்னைச் சீண்டாமல் விடமாட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் ‘நானா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார். “நானா, உங்கடை தூண் எத்தினை?” ஏழு என்பேன். “தூணை எண்ணாதேங்கோ. தூணுக்கிடையிலை ஆறு வெளி. தாளமும் வெளியிலைதான் இருக்கு.” வெளிக்கொரு தட்டாகக் கைதட்டி எங்களை நடக்கவைப்பார். தொழுதுவிட்டு வருபவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

கொழும்புக்குப் போய்ப் பெரிய கட்டடங்களுக்குப் படம் வரையவேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. மாற்றம் கேட்டு இரண்டு முறை எழுதினார், இரண்டும் மறுக்கப்பட்டன. “தீவைச் சுத்தித் தண்ணி, தீவுக்குள்ளை கோட்டை, கோட்டைக்குள்ளை நான். அளந்ததையே எத்தினை தரம் அளக்கிறது?” என்று ஒருநாள் வெடித்தார்.

மூன்றாவது விண்ணப்பத்துக்குச் சிபாரிசு எழுதும்படி எங்கள் மேலதிகாரியான துரை என்னிடம் சொன்னார். பாழாய்ப்போன கை. ‘இவருக்கு நிகரானவர் மன்னாரில் வேறெவருமில்லை’ என்று எழுதினேன். கொழும்பு அள்ளிக்கொண்டு போகுமென்று நினைத்தேன். துரையோ அந்த வரிக்குச் சிவப்புக் கோடிழுத்து, ‘அப்படியானால் இவரை விடமுடியாது’ என்று எழுதிவிட்டார். கப்பலில் வந்திறங்கும் விருந்தினருக்கெல்லாம் கோட்டையைச் சுற்றிக் காட்டுவதும் அவருடைய கடமையாயிற்று. ஆசையாக நடந்த நடைக்கே அவரைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

சிவப்புக் கோட்டுடன் திரும்பிவந்த தாளைப் பார்த்துவிட்டு, “ஆர் நானா அதை எழுதினது?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பொய். அதன்பின் பதினொரு வருடம், ஒரு ஞாயிறும் தவறாமல் அவர் பின்னால் நடந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேற்று வங்காலையில், அவரைக் கிடத்தியிருந்த அறையில், அவருடைய மனைவியிடம் சொல்லிவிட்டேன். “நான்தான் அக்கா எழுதினனான்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அவருக்குத் தெரியும் நானா. உங்கடை கையெழுத்து அவருக்குத் தெரியாதே? தெரியுமெண்டு காட்டினால் நீங்கள் நடக்க வாறதை விட்டிடுவியளெண்டு பேசாமல் இருந்தவர். ‘நான் சொல்லுறது அந்த மனிசனுக்குத்தான் விளங்குது’ எண்டுவார்.”

நான் விம்மி அழுதேன்.

பெட்டியை மூடுமுன் கால் கட்டை அவிழ்க்கவேண்டும் என்றார்கள். அக்காவிடம் கேட்டு நானே குனிந்தேன். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி இறுகிக் கிடந்தது. முடிச்சு அவிழ நேரமெடுத்தது.

போய்வாருங்கள், ஐயா. இனி எவரும் மறிக்கமாட்டார்கள்.