மூடின கடையின் எழுத்து

என் கடைக்கு ‘நேச்சர்’ என்று பெயர். விற்பது குடை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் கிடையாது. எதிர்க்கடை எழுத்துக்காரரைக் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிடுவேன். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எங்கள் தெருவில் போர்டெல்லாம் இங்கிலீஷில்தான். தகரத்தில் முழ உயர எழுத்துகள் செய்து மாட்டுவது எழுத்துக்காரரின் தொழில். செய்து என்று சொல்வதுகூட அதிகம், அவர் புது எழுத்து வெட்டி நாங்கள் பார்த்ததில்லை. எங்கேயாவது ஒரு கடை மூடினால் ஏணியோடு போய் எழுத்துகளைக் கழற்றி வந்துவிடுவார். அடுத்துக் கடை போட வருகிறவன் அந்த எழுத்துகளுக்குள் அடங்குகிற பெயரைத்தான் வைத்தாக வேண்டும். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷர்.

ஆனால் ஒன்று, அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எழுத்துகளைத் தரையில் பரப்பிக் குந்தி உட்காருவார். ஏ, இ, ஐ, ஓ, யூ எல்லாவற்றையும் முதலில் தனியாக ஒதுக்குவார். அப்புறம் மற்றதை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அட்டை போன ஒரு டிக்‌ஷனரி உண்டு. வார்த்தை அதில் இருந்தால் போதும், அர்த்தத்தைப் படிக்க மாட்டார்.

ஒரு ரெஸ்டாரண்ட் மூடியபோதுதான் நான் மாட்டினேன். அதிலிருந்து ‘நேச்சர்’ எடுத்து என் தலையில் கட்டினார். “குடைக்கு எதுக்குய்யா நேச்சர்?” என்றேன். “மழை நேச்சர்தானே குடைக்காரரே?” என்றார். மிச்சத்தில் ‘ஸ்டார்’ வந்தது, அதைச் சலூன்காரர் தலையில் கட்டினார். ஒரு எழுத்துகூட வீணாகவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்கப்புறம் ஒரு பேக்கரி மூடியது. அதை அப்படியே கலைத்து, சாவி செய்கிறவருக்கு ‘கீ பார்’ என்று மாட்டினார். சாயங்காலமானால் அந்தக் கடைக்கு யார் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டு மேஜை மூடின ஹோட்டலுடையது. கண்ணாடி மூடின சலூனுடையது. கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் ‘ஓப்பன்’ என்று எழுதியிருக்கும். அந்த வீட்டின் கூடத்தில்தான் அவர் மனைவி வருஷக்கணக்காகத் துணி தைத்துக்கொண்டிருந்தார். தைத்தது போக மிச்சம் பிடித்து, என் பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்தார். காலி செய்துபோனது ஒரு போட்டோக்காரர். போர்டு இன்னும் மேலேயே இருந்தது: ‘மாடர்ன் ஸ்டுடியோ.’

எழுத்துக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. “மாடர்னை அப்படியே விட்டுடும்மா. ஏணி போடுற வேலைகூட மிச்சம்.”

“வேணாங்க.”

அன்றே கழற்றிக் கடைத் தரையில் பரப்பிவிட்டார். ‘ட்ரெண்ட்ஸ்’ என்றார். வேண்டாம். ‘டோர்’ என்றார். “தையல் கடைக்கு எதுக்குங்க கதவுன்னு பேரு?” “கதவு இல்லாத கடை உண்டா?” அதுவும் வேண்டாம். மறுநாள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.

“ஏழெழுத்து! மான்ஸ்டர்!”

அந்த அம்மா டிக்‌ஷனரியை வாங்கி அர்த்தத்தைப் படித்தார். “ராட்சசனாம். இதை நம்ம வீட்டு வாசல்ல மாட்டுங்க, பொருத்தமா இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டார். நான் சிரிப்பை அடக்கக் குடையை விரித்துக்கொண்டேன்.

கடை திறக்கும் நாள் நெருங்கியது. போர்டே இல்லாமல் திறக்கப்போகிறேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். எழுத்துக்காரர் என் கடைக்கு ஓடி வந்தார். தெருவுக்கே போர்டு மாட்டினவன் பெண்டாட்டி கடை மொட்டையாக நின்றால் நாளைக்கு எவன் மதிப்பான்? “நீங்க கொஞ்சம் சொல்லுங்க குடைக்காரரே, உங்க பேச்சைக் கேப்பா” என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

நான் என்ன பஞ்சாயத்து பண்ணத் தெரிந்தவனா? கேட்கத் தோன்றியதைக் கேட்டேன். “சரிம்மா, உனக்கு என்ன பேருதான் வேணும்?”

மெஷின் நின்றது.

“இதை அவர் கேட்டிருக்கணும் அண்ணே. ஊருக்கெல்லாம் பேர் தேடுறாரு. எனக்கு என்ன பேர் பிடிக்கும்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை.”

எழுத்துக்காரர் திருதிருவென்று விழித்தார். அவருக்கு நிஜமாகவே அது தோன்றியதில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது.

“சொல்லும்மா. என்ன பேரு?” என்றார் மெதுவாக.

“மைன். என்னோடதுன்னு அர்த்தம்.”

மனுஷர் தரையில் பாய்ந்தார். எம், ஐ, என், இ. நான்கையும் பொறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். “எல்லாம் இருக்கு! இத்தனை நாள் என் கண்ணு முன்னாடியே கிடந்திருக்கு!”

“அது போட்டோக்காரரோடது.”

“தேய்ச்சு பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றார் அந்த அம்மா. “மேஜை, கண்ணாடி, கட்டில் எல்லாம் அடுத்தவன் மூடிட்டுப் போனது. நான் வாயைத் திறக்கலை. இந்தக் கடை மட்டும் அப்படி வேணாங்க.”

எழுத்துக்காரர் எழுத்துகளைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே போனவர், திரும்பி வரும்போது தோளில் புதுத் தகரம் இருந்தது. வெட்டிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் எம் பல் போன சீப்பு மாதிரி வந்தது. திட்டிக்கொண்டே மறுபடி வெட்டினார். கையில் இரண்டு இடத்தில் துணி சுற்றியிருந்தது. தையல் கடை வெட்டுத்துணிதான்.

திறப்பன்று சலூன்காரர் வந்து அண்ணாந்து பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். “இது எந்தக் கடையில கழட்டினது?”

“எங்கயும் கழட்டலை. அவளுக்குன்னு வெட்டினது” என்றார் எழுத்துக்காரர்.

அந்த அம்மா தெருவுக்கு இறங்கி நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

“ஐ கொஞ்சம் கோணலா இருக்குங்க.”

எழுத்துக்காரர் பதறிப்போய் ஏணியை எடுத்தார். அந்த அம்மா ஏணியின் அடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அதைத் தொடாதீங்க. நேரா இருக்கிறதெல்லாம் மத்தவங்களோடது. இது என்னோடது, இப்படியே இருக்கட்டும்.”