ஐம்பது மைலில் வரும் நடுக்கம்

கோதண்டபாணி ஊசியில் நூல் கோத்தான், உருவினான், மறுபடியும் கோத்தான். தைப்பதற்குத் துணி எதுவும் மடியில் இல்லை. அவன் மனைவி மணியம்மாள் கூப்பிட்டுத்தான் நான் பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய அப்பா நடுக்குவாதத்தில் கிடந்த மூன்று வருஷமும் குளிப்பாட்டிச் சோறூட்டிய நர்ஸ் நான்.

இது 1969இல். சின்ன காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி சீனிவாசனிடம் அவன் பதினாறு வருஷமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியில் ஒரு சிராய்ப்பு விழவிட்டதில்லை.

"என்னாப்பா பண்ணிக்கினு இருக்கே?"

"கை ஆடுது நர்சம்மா. மெட்ராஸ் ரோட்டுல ஸ்டியரிங்கோட சேர்ந்து உதறுது. முதலாளி பார்த்துட்டாரு. 'உங்கப்பன் வியாதி வந்துட்ச்சா? நாளைக்கும் ஆடினா சாவியக் குடுத்துடு'ன்னாரு."

நீட்டிய விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தேன். காகிதம் ஆடியது. அவன் முகம் வெளுத்தது.

"எப்ப சாப்டே?"

"நேத்து மத்தியானம்."

"அப்ப என் கைகூடத்தான் ஆடும். சோறு போடு மணியம்மா."

அவன் சாப்பிடுவதைப் பார்த்தேன். ரசம் சிந்தவில்லை. அவனுடைய அப்பாவுக்குச் சும்மா மடியில் கிடக்கும்போதுதான் கை ஆடும். எதையாவது பிடித்தால் அடங்கும். இவனுக்கோ ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் ஆடுகிறது.

"ஊருக்குள்ள ஓட்டச்சொல்ல ஆடுதா?"

"இல்லே. வேகம் நாப்பத்தஞ்சு மைல் தாண்டினா ஆடுது. அறுபதுல கொஞ்சம் அடங்குது."

"உங்கப்பா கை மைல் பார்த்து ஆடலியேப்பா. எழுந்திரு."

முதலாளி வீட்டில் சாவி வாங்கி, மெக்கானிக் ஷரீஃப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அவர் நட்டுகளை முடுக்கிப் பார்த்தார், சக்கரத்தை அசைத்துப் பார்த்தார். பிறகு முன்னால் இருந்த இடப்பக்கச் சக்கரத்தைப் பின்னால் மாட்டி, பின்னால் இருந்ததை முன்னால் மாட்டினார். மூவரும் நெடுஞ்சாலைக்குப் போனோம். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது மைல் வரை ஒன்றுமில்லை. ஐம்பதை நெருங்கியதும் சீட்டு என்னை உலுக்கத் தொடங்கியது.

"ஐயோ, என் இடுப்பு!"

"ஸ்டியரிங் ஆடல பாய்!" என்றான் கோதண்டபாணி.

"ஆடாது. வியாதி நர்சம்மாகிட்ட போயிட்ச்சுப்பா," என்றார் ஷரீஃப்.

திரும்பி வந்து அந்தச் சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்தார். உள்ளே, வெட்டுப்பட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பழைய டயர்த் துண்டு ஒன்று வைத்து ஒட்டியிருந்தது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் கனம். வேகமாகச் சுற்றும்போது அதுதான் உதறியிருக்கிறது.

"யாருப்பா வெச்சது?"

கோதண்டபாணி குனிந்து அந்தத் துண்டைத் தடவினான். "நான்தான். கோடையில வெட்டு விழுந்துட்ச்சு. புது டயர் எங்கயும் கிடைக்கல. ஸ்டெப்னிதானேன்னு துண்டு வெச்சு ஒட்டிக்கினு வந்தேன். போன மாசம் பஞ்சர்ல அதையே முன்னால மாட்டினேன். முதலாளிகிட்ட சொல்லல."

கை நல்ல கைதான் என்று தெரிந்த சந்தோஷம் அவனுக்கு ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

"அவரு குழந்தைங்கள அதுலதான் கூட்டிக்கினு போனேன். இதச் சொன்னா கையில நோவு இல்லாமலே வேலை போவும் நர்சம்மா."

"வேலை போவும். சொல்லாம ஓட்டி டயர் வெடிச்சா ஆளு போவும். எது பரவால்லே?"

ஷரீஃப் அந்த டயரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, போன மாசம் பஞ்சரானதை ஒட்டி ஸ்டெப்னியாக வைத்திருந்த சக்கரத்தை மாட்டினார்.

மறுநாள் காலை சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கோதண்டபாணி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சீனிவாசன் தெருவே கேட்கும்படி கத்தினார். பிறகு எப்போதும் இல்லாத வழக்கமாக முன்சீட்டில் ஏறி, சாலை முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஐம்பது மைலிலும் கை ஆடவில்லை. மெட்ராஸில் இறங்கியதும் முதல் வேலையாக டயர் கடைக்குப் போய், புது டயர் வந்ததும் தரச் சொல்லிப் பெயர் பதிந்தார்கள்.