மணி தெரியாத பெட்டி

சைபர் என்று எழுதியது நான்தான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில் நான் சொல்லவில்லை.

கணியம்பாடியில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் நாலு பேர். தடுப்பூசி மருந்து வைக்கிற சின்னக் குளிர்பெட்டிகளுக்கு மூளை செய்து கொடுப்பது எங்கள் வேலை. பெட்டியை வேறு ஒரு கம்பெனி செய்யும். உள்ளே இருக்கும் போர்டும், அதில் ஓடும் கெர்னலும் எங்களுடையவை. கெர்னல் என்பது மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு கருவியிடம் வேலை வாங்குகிற நிரல். பெரிய கெர்னல் எதுவும் எங்கள் போர்டில் கொள்ளாது என்பதால் நாங்களே ஒன்று எழுதி வைத்திருந்தோம். அதில் முக்கால்வாசி நான் எழுதியது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, அப்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தக் கெர்னலுக்கு இரண்டு பாகம். மேல் பாகத்துக்கு இது எந்தச் சில்லு, அதாவது எந்தச் சிப், எந்தப் போர்டு என்பதெல்லாம் தெரியாது. மணி என்ன, சூடு எவ்வளவு, விளக்கைப் போடு என்று கேட்கும், அவ்வளவுதான். கீழ்ப் பாகம்தான் வன்பொருளோடு நேரில் பேசிப் பதில் வாங்கி வரும். போர்டு மாறினால் கீழ்ப் பாகத்தை மட்டும் திரும்ப எழுத வேண்டும். ஒரு வருடம் நாங்கள் வழக்கமாக வாங்கும் சில்லு எங்கேயும் கிடைக்காமல் போய்விட்டது. கிடைத்த வேறொன்றை வைத்துப் புதுப் போர்டு செய்தோம். கெர்னலை அதில் ஓடும்படி கட்டிப் பார்த்தால் வரிசையாகப் பிழை. மேல் பாகம் கேட்கிற பத்தொன்பது வேலைகளுக்குக் கீழே ஆளே இல்லை. துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர், சீர்வரிசையில் ஒரு தட்டு குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சம்பந்தி மாதிரி. ஒன்று இல்லையென்றாலும் கட்டித் தராது.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் செய்வது, இல்லாத வேலைகளுக்குப் பேருக்கு ஒரு ஆளை நிறுத்தி வைப்பதுதான். உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்று நிரல், ஸ்டப் என்போம். பிறகு ஒவ்வொன்றாக நிஜமாக எழுதிக்கொள்ளலாம். ஸ்டப்பை இரண்டு விதமாக எழுதலாம். யாராவது கூப்பிட்டால், என்னை இன்னும் எழுதவில்லை என்று கத்திவிட்டு மொத்தக் கருவியையும் நிறுத்திவிடுவது ஒரு விதம். கூப்பிட்டவர் கையில் ஒரு சைபரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது இன்னொரு விதம். எங்கள் தொழிலில் அந்தச் சைபருக்குக் குறையொன்றும் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் எல்லோரும் கத்துகிற ஸ்டப்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவள் நான். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரே ஒரு சைபர் ஸ்டப் எழுதியதற்கு அவரை நிற்க வைத்து அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பெட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பார்க்க வருவதாக இருந்தது. பதினெட்டு வேலைகளை எழுதி முடித்திருந்தேன். மிச்சம் ஒன்று, மணி படிப்பது. மின்சாரம் போனாலும் சின்ன பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரச் சில்லு ஒன்று போர்டில் உண்டு. அது புது ரகம். அதன் கையேட்டைப் புரிந்துகொள்ளவே எனக்கு இன்னும் ஒரு நாள் வேண்டும். ஆனால் கெர்னல் கண் திறந்ததும் முதலில் கேட்பதே மணிதான். என் ஸ்டப் சட்டப்படி கத்திவிட்டு நின்றது. மறுபடி போட்டால் மறுபடி கத்தல். இரண்டே காலுக்கு அந்தக் கத்துகிற வரியை அழித்தேன். மணி என்று சைபரையும், குறையில்லை என்று இன்னொரு சைபரையும் எழுதினேன். பக்கத்தில் ‘திங்கட்கிழமை எழுத வேண்டும்’ என்று ஒரு குறிப்பு. பெட்டி சமர்த்தாக எழுந்துகொண்டது. வந்தவர்கள் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, திருப்தியாகப் போனார்கள். திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அந்த மணி எதற்கு என்று சொல்ல வேண்டும். மின்சாரம் நின்றபோது என்ன மணி, திரும்பி வந்தபோது என்ன மணி என்று பெட்டி கழித்துப் பார்க்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் சிவப்பு விளக்கு எரியும். மருந்து வீண், எடுக்காதே என்று அர்த்தம். மணி எப்போது கேட்டாலும் சைபர் என்றால், சைபரில் சைபர் போனால் சைபர். மின்சாரம் போகவே இல்லை என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். ஆபீஸில் நாங்கள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நிறுத்திச் சோதித்தோம். அதற்குப் பச்சைதான் வர வேண்டும், பச்சைதான் வந்தது.

அந்தப் பெட்டிகளில் ஒன்று ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் ஏறி ஜவ்வாது மலைக்குப் போனது. அங்கே ஆடு வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றின் கட்டடத்தில் அதை வைத்தோம். பார்த்துக்கொள்ள அந்த ஊர் அக்கா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடப் பயிற்சி எடுத்தவர். விடிந்ததும், மேய்ச்சலுக்கு அவிழ்ப்பதற்குள், வீடு வீடாகப் போய் ஊசி போட்டுவிடுவார். அவருக்குக் கைராசி என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேர். புதிதாக ஆடு வாங்கி வந்தால் முதல் தழையை அவர் கையால்தான் கொடுக்க வைப்பார்கள். சாமை விதைப்பதற்கு முன் விதைக்கூடையில் அவரைக் கை வைக்கச் சொல்வார்கள். பெட்டி வைக்கப் போன அன்று, “உன் மிஷினயும் தொட்டுக் குடுக்கட்டுமாம்மா?” என்று சிரித்தார். தொட்டும் கொடுத்தார். பச்சை எரிந்தால் எடுங்கள், சிவப்பு எரிந்தால் எடுக்காதீர்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடைசிப் பகுதியை இரண்டு தரம் சொன்னேன்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து, அந்தப் பக்கம் மூன்று நாள் மின்சாரம் இல்லை. அக்கா அப்போது கலசப்பாக்கத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது பெட்டி மறுபடி குளிர்ந்து, நாலு டிகிரி காட்டிக்கொண்டு, பச்சையாக எரிந்தது. மருந்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டு ஊர் ஆடுகளுக்கு ஊசி போட்டார். மார்கழியில் நோய் வந்தது. வாயெல்லாம் புண்ணாகி, மூக்கொழுகி, கழிந்து, ஆடுகள் செத்தன. ஒரு வீட்டில் மட்டும் ஒன்பது. ஊசி போடாத ஊர்களிலும் செத்தன. ஆனால் அங்கெல்லாம் அதை நோய் என்றார்கள். இங்கே, அவள் கை பட்ட ஆடு செத்தது என்றார்கள்.

பெட்டியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் குழுவிலிருந்து போன் வந்தது. நானும் எங்கள் முதலாளியும் போனோம். மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து அதன் பதிவைத் திறந்தேன். மணி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சைபர். ஒரு பக்கம் முழுக்கச் சைபர். இரண்டே கால் மணி, அழித்த வரி, பஜ்ஜி எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தன.

அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “கரண்டு போய்ட்டு வந்துச்சுன்னுதான் சொன்னாங்கம்மா, எத்தினி நாளுன்னு சொல்லல. எனக்குக் கூட மனசு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. பச்ச எரியுதே, நீ சொல்லிக் குடுத்தியேன்னு எடுத்துட்டேன். பெட்டில இன்னா கோளாறு?” என்று கேட்டார்.

“கோளாறு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே நூறு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலாளி பக்கத்தில் இருந்தார். குழுப் பெண்கள் வாசலில் இருந்தார்கள். முதலில் சரி செய்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். எதுவும் உண்மையில்லை. பயந்தேன், அவ்வளவுதான். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தன் வலது கையை விரித்து, ஒரு தரம் பார்த்து, புடவையில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மணி படிக்கிற நிரலை எழுதினேன். நாற்பது வரிகூட வரவில்லை. எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றினோம். என்ன மாற்றினோம் என்று எழுதி வைக்கும் குறிப்பில் ‘நேரம் படிப்பதில் சிறு திருத்தம்’ என்று எழுதினேன். சிறு என்ற அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை கூசவில்லை என்பதுதான் இப்போது கூசுகிறது. முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். “சரி பண்ணிட்ட இல்ல? விடு, இனிமே பார்த்துக்கலாம்” என்றார். விட்டேன். விட்டமாதிரி இருந்தேன். சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் அவர் கையைத் துடைத்துக்கொண்டது கண்ணில் வரும். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வருகிறது.

ஆனி மாதம், மலைக்கு வேறு வேலையாகப் போய் வந்த எங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அந்த அக்காவ இப்ப வெதைக்கூடையத் தொடக்கூட யாரும் கூப்டறதில்லயாம். வர்ற வழியில பார்த்தா ஒதுங்கிப் போறாங்களாம்.” மறுநாளே பஸ் ஏறினேன்.

அக்கா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். “வாம்மா, இன்னா இவ்ளோ தூரம்?” என்றார். உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். பெட்டிக்கு மணி படிக்கத் தெரியாது, தெரிந்தமாதிரி நடிக்கும்படி எழுதியது நான், மருந்து கெட்டு வெறும் தண்ணீருக்குச் சமமாகிப் போயிருந்தது, உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். இடையில் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

“அன்னிக்கு வந்து பார்த்தியே, அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

எடுத்த கொட்டையை முறத்தில் போட்டார். “எங்க ஆட்டுக்கே நான் தழ போடறதில்லம்மா. நாத்தனார்தான் போடுறா. என் கை படக் கூடாதுன்னு நானே ஒதுங்கிக்கிட்டேன்” என்றார். பிறகு எழுந்து கையைக் கழுவினார். “என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? ஊர்ல சொல்லு, வா.”

குழுக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். ஒன்பது ஆட்டைப் பறிகொடுத்த அம்மாவும் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே தெரியும் என்பதையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. யாரும் திட்டவில்லை. அந்த அம்மா, “போனது போச்சு. இவ்ளோ தூரம் வந்து ஒத்துக்கினியே, நல்ல புள்ளம்மா நீ” என்றார். தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாமைச் சோறு போட்டார். அக்காவைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அக்கா வாசலுக்கு வெளியே நின்றார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே வாசலைப் பார்த்தேன். “அப்போ இந்த வாட்டி அக்காவ வெதையத் தொடச் சொல்லுவீங்கல்ல?” என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கோபமே இல்லை. “அது வேறம்மா. மருந்து கெட்டது உன் தப்புதான், நீயே ஒத்துக்கின. ஆனா அந்தக் கெட்ட மருந்து தேடிக்கினு போய் அவ கைக்கு ஏன் வரணும்? ராசின்னா அதானே” என்றார்.

ஒரு நாள் முழுக்க ஒரு நிரலோடு மல்லுக்கட்டி அதன் தப்பைக் கண்டுபிடிப்பவள் நான். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை ஒன்றுதான். திரும்பத் திரும்ப என் தப்பு என்றேன். ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

அக்கா என்னோடு பஸ் நிற்கிற இடம் வரை வந்தார். எதிரே விறகுக்கட்டோடு வந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரைப் பார்த்ததும் பாதையின் ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். அக்கா அதைக் கண்டுகொள்ளாதவர் போல வந்தார்.

பஸ் வளைவில் தெரிந்தபோது அவர்தான் பேசினார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே விசாரிக்கிற குரல்.

“உனுக்கு இப்ப மனசு கொஞ்சம் லேசாயிருக்குமே?”

லேசாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் முதல் தரமாக அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

“ஆமாக்கா” என்றேன்.

“சரி, ஏறும்மா” என்றார்.