என் மகனை அளந்து பார்த்த சனிக்கிழமை

இதை எழுதுவோமா விடுவோமா என்று கனகாலம் யோசித்தேன். எனக்குப் படிப்புக் குறைவுதான், ஆனால் அதற்காகத் தயங்கவில்லை. மனைவிதான் விடவில்லை. பேனையை எடுத்தால் போதும், "சொன்னது காணாதெண்டு இப்ப எழுதவும் போறியளோ? ஊர்க்கண் முழுக்கப் பிள்ளையில விழட்டுமெண்டோ?" என்பாள். வருஷங்கள் இப்படியே போய்விட்டன. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. முருகனுக்கு விளக்கு வைத்து, திருநீறு பூசிக்கொண்டு, எழுத இருந்துவிட்டேன். கோபிக்கிறவை கோபிக்கட்டும்.

என் மகன் பெரிய உடம்புக்காரன். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலால் கொஞ்சம் சரிந்துதான் உள்ளே வருவான். சின்னனிலிருந்தே சனம் அவனைக் குண்டன் என்றது. பக்கத்தில் மோர்டனில் இருக்கிற என் மச்சான், மனைவியின் தமையன், எந்தக் கொண்டாட்டத்திலும் அவன் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்து, "மருமோன், மிச்ச ஆக்களுக்கும் ரெண்டு இடியப்பம் விடடா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மகனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டான்.

பல்கலைக்கழகத்துக்குப் போன இடத்தில்தான் அந்த உடம்புக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அங்கே அமெரிக்கக் கால்பந்து விளையாடக் கூப்பிட்டார்கள். பேர்தான் கால்பந்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள். மகன் அந்தப் பந்தைத் தொடுவதே இல்லை. பந்து எறிகிற பெடியனுக்கு முன்னால் நின்று, அவனை இடிக்க வருகிறவர்களை மறித்துத் தள்ளுவதுதான் அவன் வேலை. எனக்கு இது விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. விளங்கின அன்றைக்கு, கோயில் வாசலில் நிற்கிற துவாரபாலகர் வேலையைத்தான் என் பிள்ளை செய்கிறான் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

கடைசி வருஷம் போட்டிகள் எல்லாம் முடிந்த பிறகு, பல்கலைக்கழகங்களில் நன்றாக விளையாடினவர்களைப் பொறுக்கி, இரண்டு அணியாக்கி, லண்டனில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். விளையாட்டுக் கழகங்களுக்கு ஆட்களை எடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள். ஜெர்மனிக் கழகம் ஒன்றுக்கு மகன் விளையாடுகிற இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. "அப்பா, எடுத்தா ஒரு வருஷம் விளையாடிப் பாக்கிறன். எடுக்காட்டி ஹெல்மெட்டைச் சாரிட்டிக் கடையில குடுத்திட்டு அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போறன்" என்றான். சொன்னால் செய்கிற பிள்ளை.

அந்தச் சனிக்கிழமை காலமை, ஆட்டத்துக்கு முதல், ஒரு மண்டபத்தில் பிள்ளைகளை அளந்தார்கள். தாய் தகப்பன் பின்னுக்கு இருக்கலாம். மகன் களிசானோடு தராசில் ஏறினான். ஒருவர் அவனுடைய நிறையைச் சத்தமாக வாசித்தார். பிறகு உயரம். பிறகு கையின் நீளம். பிறகு பெருவிரலிலிருந்து சின்னவிரல் வரை விரித்த கையின் அகலம். தொப்பி போட்ட மனிசர் எல்லாம் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு பேர் பாக்க இப்பிடியே பிள்ளையின்ர நிறையை வாசிக்கிறது? சந்திக்கடைப் பூசணிக்காயோ?"

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் "சாப்பிடுறானே இல்லை" என்போம். முதலாம் ஆளாக வந்தால் "ஏதோ வந்திட்டான்" என்போம். நாவூறு படக்கூடாதென்று இல்லாத நோய்வருத்தத்தையும் சொல்லிவைப்போம். மனைவி அன்றைக்குக் காலமை தொடக்கம் அந்தப் பயத்தோடேயே இருந்தாள்.

ஆட்டத்தில் மகன் நின்ற நிலையை நான் இப்பவும் கண்ணை மூடினால் காண்பேன். முட்டினார்கள், சுழன்றார்கள், ஒருவரும் அவனைத் தாண்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஜெர்மனிக் கழகத்துக்கு ஆள் எடுக்க வந்தவர், நரைத்த தாடி, நல்ல பணிவான மனிதர், எங்களிடம் வந்தார். பிள்ளையை எடுக்க முதல் வீட்டாரோடு கதைப்பது அவர்களுடைய முறையாம். "உங்கள் மகன் மிகவும் பலசாலி" என்றார் ஆங்கிலத்தில்.

மனைவி பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறவள், ஆங்கிலம் என்னிலும் நன்றாக வரும். நான் வாய் திறக்க முதல் சொல்லிவிட்டாள். "ஐயோ, அப்பிடி ஒண்டுமில்லை. பார்வைக்குத்தான். அவனுக்கு முழங்கால் சரியான நோ. படியேறவே கஷ்டப்படுவான்."

அவருடைய முகம் மாறியது. "எந்த முழங்கால்?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "ரெண்டும்."

அவர் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, மற்றக் குடும்பத்தின் பக்கம் போனார். மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த மகன் எழும்பி வந்தான். "அம்மா, என்ர முழங்காலைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"நல்லதுக்குத்தானடா சொன்னனான்."

அவன் திரும்பப் போய் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். இடியப்பக் கதை கேட்டுவிட்டு வந்து இருப்பானே, அதே இருப்பு.

எனக்கு அதற்குமேல் பொறுக்க ஏலவில்லை. முருகா என்று சொல்லிக்கொண்டு புல்லுக்குக் குறுக்கால நடந்து அந்த மனிதரை மறித்தேன்.

"சேர், மனிசி சொன்னது சரியில்லை. அது எங்கட வழக்கம். பிள்ளைக்கு முழங்கால் நல்லாயிருக்கு."

"உங்கள் வழக்கத்தில் நல்ல முழங்காலை நோகிற முழங்கால் என்பீர்களா?"

"ஓம். நல்லாயிருந்தாக் கட்டாயம் சொல்லுவம்."

அவர் தாடியைத் தடவினார். "அப்படியென்றால் இப்போது நீங்கள் சொல்வதை நான் எப்படி நம்புவது?"

கேள்வி நியாயமானது. நான் திரும்பி, அங்கே நின்ற குடும்பங்கள் எல்லாம் கேட்க, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "என்ர மகன் பலமான பிள்ளை. என்ர கடைக்கு வாற அரிசி மூட்டையை ரெண்டு தோளிலயும் வச்சுக்கொண்டு படியேறுவான். இண்டைக்கு ஒருத்தரும் அவனைத் தாண்டிப் போகேல்லை, நீங்களும் பாத்தனீங்கள். இதைவிட நல்ல பிள்ளை இந்த மைதானத்தில இல்லை."

பிறந்த நாளிலிருந்து அவனைப் பற்றி நான் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. பின்னால் மனைவி ஓடிவந்தாள். "வாயை மூடுங்கோப்பா, பிள்ளைக்குக் கூடாது."

"மூடமாட்டன். முருகன் தந்ததை இல்லையெண்டு இன்னும் எவ்வளவு காலத்துக்குச் சொல்லுறது? அவருக்கு அது மரியாதையோ?"

 என்னிடம் பயம் இருக்கவில்லை.

ஜெர்மன்காரர் சிரித்துவிட்டு அங்கே நின்ற மருத்துவரைக் கூப்பிட்டார். மகனை வாங்கில் கிடத்தி இரண்டு காலையும் மடக்கி நிமிர்த்தி, குந்த வைத்து, பாயவிட்டுப் பார்த்தார்கள். "அப்பா, காணும்" என்றான் மகன் மெதுவாக. ஆனால் காது இரண்டும் சிவந்து, முகம் முழுக்கச் சிரிப்பு.

அவனை எடுத்தார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் மனைவி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவன் தலையைச் சுற்றி, அடுப்பில் போட்டாள். சுற்றுகிறதுக்கு எட்டாமல் அவனைக் கதிரையில் இருத்தவேண்டி வந்தது. புகை அலாரம் கத்தத் தொடங்கியது. கண்ணூறு கழிக்கப்பட்ட பிள்ளையே துவாயால் அலாரத்துக்கு விசிறினான். நான் தடுக்கவில்லை. அது அவளுடைய பக்தி.

ஜெர்மனிக்குப் போய்க் கொஞ்ச நாளில் மகனுக்கு விரல் முறிந்தது. மச்சான் உடனே போன் எடுத்தார். "தங்கச்சி சொன்னவள் எல்லே. எல்லாம் உம்மட வாய்தான்."

"மச்சான், விரல் முறிஞ்சது மற்றவன்ர ஹெல்மெட்டில பட்டு. என்ர வாயில பட்டில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். விரல் பொருந்தியது. அந்த வருஷம் முழுக்க விளையாடிவிட்டுத்தான் வந்தான்.

இதை வாசிக்கிற நீங்கள் ஆருக்கும் சொல்வீர்கள் என்றால், நான் எழுதினபடியே சொல்லுங்கோ. எங்கட சனத்தின்ர வாயில் ஒரு நல்ல செய்தி மிச்சத்திலிருந்து லண்டனின் மற்றப் பக்கத்தில் இருக்கிற குட்மேய்ஸ் போய்ச் சேரமுதல், "ஏதோ சுமாரா விளையாடினவனாம், முழங்காலும் சரியில்லையாம்" என்று ஆகிவிடும். அந்த முழங்கால் இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை. அதைக் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேருங்கோ.